கெட்டி உயிர் யாருக்கு?

நேற்று ராத்திரி நண்பர்கள் நாலு பேர் எதையோ பேசப்போய், காட்டு விலங்குகளிலேயே கெட்டியானது எது என்ற இடத்தில் வந்து மாட்டிக்கொண்டோம். ஒருவன் சிங்கம் என்றான். இன்னொருவன் யானை. மூன்றாமவன் கைப்பேசியை நீட்டி, தேன்வளைக்கரடி (ஆங்கிலத்தில் honey badger) என்கிற சின்ன விலங்கு ஒன்று சிங்கங்களைப் பார்த்து உறுமும் காணொளியைக் காட்டினான். மணி பன்னிரண்டு ஆகியும் முடியவில்லை. என்னை அங்கே வாய் திறக்க விடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

யார் யாரை அடிப்பார்கள் என்றே எல்லாரும் பேசுகிறார்கள். அது பலம். அதில் போட்டியே கிடையாது. ஆறு டன் எடையுள்ள ஆப்பிரிக்க ஆண் யானை நடந்து வந்தால் சிங்கம் ஒதுங்கித்தான் நிற்கும். ஆனால் ‘அவனுக்குக் கெட்டி உசுரு’ என்று நாம் யாரைச் சொல்கிறோம்? அடித்தவனையா? அடி வாங்கியும் மறுநாள் எழுந்து வேலைக்குப் போகிறவனைத்தானே?

அந்தக் கணக்கில் பார்த்தால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் முதல் சுற்றிலேயே விழுவார்கள். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று பெருமையாகச் சொல்வோம். எனக்கென்னவோ அதன் பலவீனமே அதுதான் என்று படுகிறது. புல்லைத் தின்ன அதனால் முடியாது. பாய்கிற பாய்ச்சலில் பெரும்பாலானவை வீண். ஒரு கால் கெட்டால் பிழைப்பே போச்சு. 1910ஐ ஒட்டி குமாவுன் மலைப்பகுதியைக் கலக்கிய முக்தேசர் ஆட்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்புலி மனிதரைக் கொல்லத் தொடங்கக் காரணம் ஒரு முள்ளம்பன்றி. அந்தச் சண்டையில் ஒரு கண் போனது. முன்னங்காலிலும் பாதத்தின் அடியிலும் ஐம்பது முள் போல ஏறிப் புண் வைத்துவிட்டது. இரைக்குப் பின்னால் ஓட முடியாமல் படுத்துக் கிடந்த புலியின் பக்கத்தில் ஒரு பெண் புல் அறுக்க வந்தார். மீதிக் கதை தெரிந்ததுதான். இத்தனைக்கும் முள்ளம்பன்றி இருபது கிலோகூட வராது.

உவர்நீர் முதலை? உயிரோடு இருக்கும் விலங்குகளில் அளந்து பார்த்த கடிகளிலேயே பலமானது அதனுடையது. ஆனால் வாயைத் திறக்கும் தசை நோஞ்சான். தாடையை மூடி ஒரு கயிற்றைச் சுற்றிவிட்டால் கதை முடிந்தது.

தேன்வளைக்கரடிமேல் எனக்கு மரியாதை உண்டு. பத்துக் கிலோ சொச்சம்தான் இருக்கும். தோல் தடிப்பு, அதுவும் தொளதொளவென்று இருக்கும். பிடரியைக் கவ்வினால் தோலுக்குள்ளேயே உடம்பைத் திருப்பி, கவ்வியவனைக் கடிக்கும். நாகத்தின் நரம்பு விஷம் போய் ஒட்டவேண்டிய புரதம் அதற்குக் கொஞ்சம் மாறி அமைந்திருப்பதால் விஷம் சரியாகப் பிடிப்பதில்லை. எல்லாம் சரி. ஆனால் காணொளியில் வருவது அது தப்பித்த நாட்கள். சிங்கமும் சிறுத்தையும் அதைக் கொல்லத்தான் செய்கின்றன. அதற்கு யாரும் பின்னணி இசை சேர்த்துப் போடுவதில்லை.

உடனே படித்தவர் ஒருவர் நீர்க்கரடி (tardigrade) என்று வருவார், பெயர்தான் கரடி, நுண்ணோக்கியில் பார்க்கவேண்டிய அளவு சின்ன உயிரி. 2007இல் விண்வெளிக்கு அனுப்பியும் பிழைத்துத் திரும்பியது, உண்மைதான். ஆனால் அது காய்ந்து சுருண்டு, உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தல்லவா தாங்குகிறது! விழித்திருந்து, நடந்து, பசித்து, குட்டியையும் கூட்டிக்கொண்டு தாங்குகிற ஆளைக் காட்டுங்கள்.

என் ஓட்டு ஒட்டகத்துக்கு. குறிப்பாகக் கோபி பாலைவனத்தின் காட்டு ஒட்டகம். இரண்டு திமில் உள்ளது. வீட்டு ஒட்டகம் காட்டுக்கு ஓடிப்போனது என்று நினைக்க வேண்டாம், தனி இனம். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி, கோடையில் மேலே 40. நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் கடலைவிட உப்பான ஊற்றுநீரைக் குடிக்கும். சீனாவின் லோப் நூரில் 1964 முதல் 1996 வரை அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. அந்த வட்டாரத்திலும் இது மேய்ந்துகொண்டுதான் இருந்தது.

பொதுவாகவே ஒட்டகத்தின் உடம்பு ஒரு விசித்திரம். எடையில் கால்வாசியை நீராக இழந்தும் நடக்கும். அதில் பாதி போனாலே நாம் காலி. பிறகு தண்ணீரைக் கண்டால் கால் மணி நேரத்துக்குள் 100 லிட்டர் வரை உறிஞ்சிவிடும். அவ்வளவு நீர் திடீரென்று ஏறினால் வேறு பிராணிகளின் ரத்த அணுக்கள் வெடித்துப்போகும். இதன் அணுக்கள் முட்டை வடிவம். இரண்டு மடங்குக்கு மேல் உப்பினாலும் வெடிக்காது. மூச்சு வெளியே போகும்போதுகூட அதன் ஈரத்தை மூக்கு பிடித்து வைத்துக்கொள்ளும். கஞ்சன்!

அப்புறம் அந்த வாய். உட்கன்னம் முழுக்கக் கூம்பு கூம்பாக விறைத்த சதைமுளைகள், எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். முள்செடியைக் கடித்தால் முள் குத்தாமல் அவற்றின்மேல் வழுக்கி உள்ளே போய்விடும். புலியை முடித்தது முள். இதற்கு அதுதான் சாப்பாடு.

இப்போது காட்டில் மிஞ்சியிருப்பது சுமார் ஆயிரம்தான். சுரங்கம், வேட்டை, ஓநாய், வீட்டு ஒட்டகத்தோடு கலப்பு என்று காரணங்கள் பல. அணுகுண்டுக்குத் தப்பியதை இவை விரட்டிக்கொண்டிருப்பது எனக்கு ஆறவே இல்லை.

இதையெல்லாம் காலையில் சுருக்கமாக அந்தச் சிங்கக் கட்சிக்காரனுக்கு அனுப்பினேன். “சிங்கம் நேரில் வந்தால் உன் ஒட்டகம் என்னடா செய்யும்?” என்று கேட்டான்.

ஓடும். தண்ணீர் இல்லாத பக்கமாக ஓடும்.