எட்டுப் பேர் பேசிக்கொள்ள ஒரு சர்வர்

நண்பர்கள் நாங்கள் எட்டுப் பேர். எங்கள் பேச்சு இத்தனை வருடமாக ஆப் ஆப்பாகச் சிதறிக் கிடந்தது. ஒரு சேவையை மூடிவிட்டார்கள், இன்னொன்றில் பழைய நம்பர் போனதோடு கணக்கும் போனது. நமக்கென்று ஒரு சர்வர் வைத்துக்கொள்வோம் என்று பேசியபோது, எந்த சாட் மென்பொருளை நிறுவுவது என்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்தத் தேர்வில் நான் முதலில் தவறினேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வசதிகளைப் பட்டியல் போட்டுத்தான் தேடினேன். குரல் அழைப்பு உண்டா, ஸ்டிக்கர் உண்டா, தானாகப் பதில் சொல்லும் பாட் (bot) எழுத முடியுமா என்று பார்த்து, எதற்கு டிக் அதிகமோ அதை நிறுவினேன். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் என்ட்-டு-என்ட் என்க்ரிப்ஷன் அதில் இருந்தது, அதை ஆனும் செய்தேன். சில மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு எங்களில் ஒருவனின் போன் தண்ணீரில் விழுந்தது. புது போனில் உள்ளே நுழைந்தான். குரூப் இருந்தது, பெயர்கள் இருந்தன, பழைய செய்தி ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தில் மட்டும் 'இதைத் திறக்க முடியவில்லை' என்ற ஒற்றை வரி. அவன் அப்பா இறந்த வாரத்தில் நாங்கள் எழுதியதெல்லாம் அதற்குள் இருந்தது. "டேய், எதுவுமே வரலடா" என்று போனில் சொன்னான். அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. செய்தியைத் திறக்கும் சாவி அவரவர் போனில்தான் இருக்கும், சர்வரில் இருக்காது. அந்தப் பாதுகாப்பின் பொருளே அதுதான். போன் போனாலும் பழைய செய்திகளைத் திறக்க உதவும் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள் என்று எட்டுப் பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். நல்லவேளை, மற்றவர்கள் போனில் எல்லாம் படிக்கும்படி இருந்தது. தோழி ஒருத்தி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து, அந்த வாரத்துச் செய்திகளை ஒவ்வொன்றாக நகலெடுத்து அவனுக்கு அனுப்பினாள்.

அதன் பிறகு நான் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். டெக்னாலஜியில் ஆர்வமே இல்லாத நண்பர் போனை மாற்றும்போது என்ன ஆகும்? நான் ஒரு மாதம் படுத்துவிட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

இப்படிக் கேட்டுப் பார்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. சாட் மென்பொருள்களில் மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட் இரண்டும் நல்லவைதான், ஆனால் அலுவலகங்களை மனதில் வைத்துச் செய்தவை. ராக்கெட்.சாட்டுக்கு மோங்கோடிபி என்ற டேட்டாபேஸ் வேறு வேண்டும். எட்டுப் பேருக்கு அது பெரிய சுமை. 1988இல் பிறந்த ஐஆர்சி என்ற பழைய சாட் முறை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் வழக்கமான ஐஆர்சி சர்வரில் நீங்கள் இல்லாத நேரத்துப் பேச்சு உங்களுக்கு வந்து சேராது. ஸூலிப்பில் ஒவ்வொரு பேச்சுக்கும் தனித் தலைப்பு உண்டு. நீளமாக விவாதிக்கிற குழுவுக்கு அதைவிட ஒழுங்கானதை நான் பார்த்ததில்லை. எங்கள் கூட்டம் தலைப்பு வைத்துப் பேசுகிற கூட்டம் இல்லை.

மிச்சம் இருந்தவை மேட்ரிக்ஸும் எக்ஸ்எம்பிபியும். இரண்டும் யாரும் சர்வர் வைத்துக்கொள்ளக்கூடிய திறந்த சாட் முறைகள். 2014இல் அறிமுகமான மேட்ரிக்ஸின் ஆப்கள் பார்க்க நவீனமாக இருக்கும். அதற்கான சினாப்ஸ் சர்வரைப் போடுவதானால் முதல் நாளிலிருந்தே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஓட்டுங்கள், எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் சோதனைக்கு மட்டும்தான். வெளிச் சர்வர்களோடு இணைப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். உங்களில் ஒருவர் ஆயிரக்கணக்கானோர் இருக்கும் பொது அறைக்குள் நுழைந்தால், அந்த அறையின் சுமையில் ஒரு பங்கை உங்கள் சின்ன சர்வரும் தூக்க வேண்டும். மெமரி எங்கே போனது என்று தேடுவீர்கள்.

எக்ஸ்எம்பிபி பழையது. 1999இல் ஜாபர் என்ற பெயரில் வெளிவந்து, 2004இல் இணையத் தரநிலையானது. பழசு என்று நானே ஒதுக்கி வைத்திருந்தேன். ஆனால் அதற்கான புரோசொடி சர்வர் மிகக் குறைந்த மெமரியில் ஓடுகிறது, அதன் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலை யாரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். அதையே ஆப்போடு சேர்த்துத் தருவது ஸ்னிக்கெட். அழைப்பு லிங்க் ஒன்றை அனுப்பினால் போதும், நண்பர் உள்ளே வந்துவிடுவார். நாங்கள் அதற்குத்தான் மாறினோம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாட் ஆப் பின்னணியில் எந்நேரமும் சர்வரோடு இணைந்திருக்க ஐபோன் விடாது. சர்வர் உங்களுடையதாக இருந்தாலும், புதுச் செய்தி வந்தால் போனை எழுப்புவது ஆப்பிளின் நோட்டிஃபிகேஷன் சேவைதான்.

அட்மினாக இருப்பவர் நண்பர்களிடம் மறைக்கக் கூடாத விஷயமும் உண்டு. என்க்ரிப்ஷன் இருந்தாலும் யார், எப்போது, யாரோடு பேசினார்கள் என்பது சர்வரை நடத்துபவருக்குத் தெரியும். நான் முதல் நாளே குரூப்பில் சொன்னேன். ஒருத்தி "சரி, உன்னை நம்புறோம்" என்றாள். அந்த நம்பிக்கைக்காகவே சர்வரில் நடப்பதைப் பதிந்துவைக்கும் லாக் ஃபைல்களைக் குறைந்த நாளில் அழியும்படி வைத்திருக்கிறேன்.

சர்வரின் இணைய முகவரியான டொமைனை வாங்கிய கணக்கின் பாஸ்வேர்டை இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். புதுப்பிக்க மறந்தால் எட்டுப் பேரின் முகவரியும் ஒன்றாகப் போய்விடும். பேக்கப் எடுப்பதோடு நிறுத்தாமல், அதிலிருந்து மீட்டும் பாருங்கள்.

போன மாதம் அதைச் செய்து பார்த்தோம். அன்று ராத்திரி முழுக்க நகலெடுத்தாளே, அந்தத் தோழி வெறும் மெஷின் ஒன்றையும் பேக்கப் ஃபைலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன், கீபோர்டைத் தொடவில்லை. நடுவில் ஒருமுறை மட்டும் என் குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் எட்டுப் பெயர்களும் திரையில் வந்தன.