ஈறு பாக்டீரியாவும் மாரடைப்பும்: பாதி சரி, பாதி தப்பு

"மாரடைப்புக்குக் காரணம் ஈறுக் கிருமிதான், கொலஸ்ட்ரால் கட்டுக்கதை, ஒரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மிச்சம் ஆபத்து.

ஈறு நோயில் பெருகும் கிராம் நெகட்டிவ் வகைப் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சு ஈறுப் புண் வழியாக ரத்தத்தில் கசியலாம். அது டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பியைத் தட்டினால், ரத்தக்குழாயின் உள்படலம் ஒட்டுப் புரதங்களை வெளியே நீட்டும். மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டி, சுவருக்குள் நுழைந்து மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களாக மாறும். அங்கே அவை விழுங்குவது எதை? கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். கொழுப்பைத்தான்! விழுங்கி விழுங்கி நுரைபோல உப்பிய இந்தச் செல்கள் சுரக்கும் நொதிகள், சுவரில் சேர்ந்த கொழுப்புப் படிவின் மேல்மூடியை அரிக்கின்றன. மூடி கிழிந்தால் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். உடலின் இந்த எதிர்ப்பு வினையான அழற்சியும் கொழுப்பும் கூட்டாளிகள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை விடுவிக்க முடியாது.

ஆன்டிபயாட்டிக் யோசனை ஏற்கெனவே சோதித்துத் தோற்றது. 2005இல் வெளியான ஏசஸ் ஆய்வில் சுமார் 4,000 இதய நோயாளிகளில் ஒரு பாதிக்கு வாரம் 600 மி.கி. அசித்ரோமைசின், ஓராண்டு முழுக்க. டம்மி மாத்திரை எடுத்தவர்களைவிட மாரடைப்பு குறையவில்லை.

அழற்சியையே குறிவைத்தால்? 2017இல் கான்டோஸ் ஆய்வில் கனாகினுமாப் என்ற அழற்சி தணிக்கும் ஊசி, எல்.டி.எல்.லைக் குறைக்காமலேயே, மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்த எண்ணிக்கையை சுமார் 15 சதவீதம் குறைத்தது. கூடவே உயிர்பறிக்கும் தொற்றும் கூடியது.

ஈறில் ரத்தம் கசிந்தால் பல் மருத்துவரிடம் காட்டிச் சுத்தம் செய்யுங்கள். அதை நம்பி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.