கேலிக்குரியவர்களா அவர்கள்?

பறக்கும் தட்டு தேடுகிறவர்களை வைத்து எடுத்த பிரிட்டிஷ் போலி ஆவணப்பட நகைச்சுவைகள் எடுபடுவதற்குக் காரணம், "அவர்கள் எதைச் சொன்னாலும் நம்பிவிடும் அப்பாவிகள்" என்பதுதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1980 டிசம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள ரெண்டில்ஷம் காட்டில் அமெரிக்க விமானப்படையினர் பார்த்த வெளிச்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி முதலில் புத்தகம் எழுதியவர்களில் ஒருவரான ஜென்னி ராண்டில்ஸ், பிற்காலத்தில் சாதாரண விளக்கங்களின் பக்கம் சாய்ந்தார். தன் புத்தகத்துக்கு எதிராகத் தானே பேச எவ்வளவு நேர்மை வேண்டும்! பக்கத்துக் கடற்கரையில் ஒளியைச் சுழற்றிக்கொண்டிருந்த ஆர்ஃபர்ட்னெஸ் கலங்கரை விளக்கத்தைத்தான் பலரும் காரணமாகக் காட்டுகிறார்கள். அதுவும் 2020-இல் இடிக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை அந்தக் காட்டுக்குப் போனேன். அங்கே வைத்திருந்த பறக்கும் கல வடிவ உலோகச் சிற்பத்துக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு வெளிச்சம் நகர்ந்ததும் நேரம், திசை, மேகம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்தார். பிறகு போனில் விமானப் பாதையைப் பார்த்தார். எழுதிய வரியைப் பென்சிலால் நிதானமாக அடித்துவிட்டு, பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அந்தக் கட்டுரையின் கீழே கருத்திட்ட ஒரு நண்பர் இப்படித் தேடுகிறவர்களை "வேலையற்றவர்கள்" என்கிறார். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகமே 2009 வரை இதற்கென ஒரு பிரிவு வைத்திருந்ததே! அந்த நகைச்சுவைத் தொடர்களில் அந்தப் பெரியவரைப் போன்றவர்களைக் காட்டும்போது நமக்குச் சிரிப்போடு பிரியமும் வருகிறது. அந்தப் பிரியம் இல்லாவிட்டால் இரண்டாவது எபிசோடை யார் பார்ப்பார்கள்?