அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சங்கச் சந்தா கட்டாயமா?

“அமெரிக்காவில் சங்கச் சந்தா செலுத்தாத அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையை இழப்பார்” என்று பகிரப்பட்டு வரும் செய்தி தவறானது. ஜேனஸ் வழக்கில் 2018 ஜூன் 27 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் அளித்த தீர்ப்பின்படி, அரசு ஊழியர் எவரிடமிருந்தும் அவருடைய தெளிவான ஒப்புதல் இல்லாமல் சங்கத்துக்கென்று எந்தத் தொகையும் பிடித்தம் செய்யக் கூடாது. வழக்குத் தொடுத்த மார்க் ஜேனஸ் ஆசிரியர் அல்லர், இல்லினாய் மாநில அரசு ஊழியர். எனினும் தீர்ப்பு அரசுப் பள்ளி ஆசிரியர்களையும் உள்ளடக்கியது.

பழைய நிலையைப் புதியதாகக் கருதியதால் இந்த வதந்தி பிறந்திருக்கலாம். டெட்ராய்ட் ஆசிரியர்கள் தொடுத்த அபூட் வழக்கில் 1977-இல் வந்த தீர்ப்பு, உறுப்பினராகாதவர்களிடமிருந்தும் கூட்டுப் பேரம் (ஊழியர்கள் அனைவரின் சார்பிலும் ஊதியம், பணி நிலைமை குறித்துச் சங்கம் நிர்வாகத்துடன் பேசுவது) போன்ற பணிகளுக்கான கட்டணத்தைச் சங்கம் பெற அனுமதித்தது. ஆனால் எதிர்ப்புத் தெரிவித்தவரின் பணத்தை அரசியல் நோக்கங்களுக்குச் செலவிடுவதை அப்போதே தடுத்தது. உறுப்பினராகாதவர்களிடம் கட்டணம் பெறும் அந்த அனுமதியைத்தான் 2018 தீர்ப்பு நீக்கியது.

தனியார் பள்ளிகளை இத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. சங்கம் பேசிப் பெற்ற ஊதிய உயர்வு சந்தா செலுத்தாதவருக்கும் கிடைக்கிறதே என்ற சங்கங்களின் ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் அது கொள்கை வாதமே தவிர, இன்றைய சட்டம் அன்று.