வான்ஆன் பாலம் எரிந்ததற்கு வருந்தக் கூடாதா?

சீனாவில் எரிந்துபோன வான்ஆன் மரப் பாலத்தைப் பற்றி நான் எழுதியதற்கு வந்த பதில்களைப் படித்தவர்களுக்கு இந்தப் பதிவின் காரணம் புரியும். "எரிந்தது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சோங் அரசமரபுக் காலத்துப் பாலமே அல்ல, 1932-இல் கட்டியது, இதற்கா இத்தனை புலம்பல்?" என்று ஒரு நண்பர் கேட்க, பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள்.

தகவல் சரிதான். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில், பிங்னான் வட்டாரத்தில் சோங் காலத்தில் முதலில் எழுந்த அந்தப் பாலம் பலமுறை அழிந்து, 1932-இல் மீண்டும் எழுந்தது. 1952 வெள்ளம் ஒரு பகுதியை அடித்துச் செல்ல, 1954-இல் அதையும் கட்டி முடித்தார்கள். ஆனால் கட்டியவர்கள் அதே ஊரின் ஹுவாங் குடும்பத்துத் தச்சர்கள். மரம் புதிதாக இருக்கலாம், வேலை பரம்பரையாக வந்தது. அதைக் கணக்கில் சேர்க்காமல் பாலத்தின் வயதை எப்படிச் சொல்வது?

ஃபூஜியனில் வேலை பார்த்த காலத்தில் அங்கே போயிருக்கிறேன். ஆற்றோரம் இறங்கி அண்ணாந்து பார்த்தால், உருட்டு மரங்கள் பாய் முடைந்ததுபோல் மேலும் கீழுமாகக் கோத்து நிற்கும். மேலிருக்கும் ஓட்டுக்கூரை அழகுக்காக வைத்ததன்று. அதன் பாரம்தான் அந்த வளைவை அசையாமல் அழுத்திப் பிடிக்கிறது, மழையில் மரம் இற்றுப்போகாமலும் காக்கிறது. உள்ளே இருபுறமும் நீண்ட பலகை இருக்கைகள். பயறு உரித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, கூடையை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தார். 98 மீட்டர் நீளமுள்ள அந்த இடம் 2022 ஆகஸ்ட் 6 இரவு எரிந்துபோனது.

கான்கிரீட்டில் கட்டலாமே என்கிறார்கள். ஆற்றைக் கடப்பது மட்டுமே நோக்கமென்றால் கட்டலாம். ஆனால் கட்டக் கட்டத்தான் மரவளைவுப் பாலம் கட்டும் இந்தத் தொழில் கையில் நிற்கும். இது அழிந்துவிடும் என்று அஞ்சித்தான் 2009-இல் யுனெஸ்கோ இதை அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. 2016-இல் அண்டை மாகாணமான செஜியாங்கின் தைஷுனில் புயல் வெள்ளம் இப்படிப்பட்ட மூன்று பாலங்களை அடித்துப் போனபோது, ஊர்மக்களே மிதந்துபோன மரங்களைத் தேடிச் சேகரித்துக் கொடுத்தார்கள், அவற்றை வைத்தே பாலங்கள் திரும்ப எழுந்தன. அவர்களிடம் போய் இது பழைய பாலமே அல்ல என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

சீனாவில் எரிந்தால் உனக்கென்ன என்ற கேள்விதான் என்னை மிகவும் காயப்படுத்தியது. அந்தப் பலகையில் உட்கார்ந்தவன் நான், எனக்கு வலிக்கிறது, வேறு காரணம் தேவையில்லை.

எனக்கு வரும் கோபமும் வேறு இடத்தில்தான். இதே பிங்னானில் பைசியாங் என்ற இன்னொரு மரப் பாலம் 2006-இல் எரிந்தது. அதற்குப் பிறகும் ஒரு தீயை எட்டவிட்டிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் பாலங்கள் ஒவ்வொன்றின் அருகிலும் இரவுக் காவலும் தண்ணீர்க் குழாயும் வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, எரிந்த மரத்தின் வயதைப் பற்றி ஏன் சண்டையிடுகிறோம்?