மட் டாக்ஸ் என்னும் சேறு

போன ஞாயிறு காலை எட்டு மணிக்கு, எங்கள் வாசலுக்கு எதிரே இருக்கும் சாக்கடை மேன்ஹோல் பொங்கிப் பக்கத்து வீட்டுப் புல்தரை வரை வந்துவிட்டது. நாற்றம் குடலைப் புரட்டுகிறது. நகராட்சிக்கு போன் போட்டால் முகவரியைக் கேட்டுக்கொண்டு, "நீங்கள் எங்கள் எல்லைக்குள்ளேயே இல்லையே" என்கிறார் அந்த அம்மா. ஆறு வருஷமாக அந்த ஊர்ப் பெயரை எழுதித்தான் தபால் வாங்கிக்கொண்டிருக்கிறேன்!

சரி, அப்புறம் யார்தான் பொறுப்பு? எம்.யூ.டி., அதாவது தண்ணீரும் சாக்கடையும் பார்க்கும் 'முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட்'. டெக்சாஸ் புறநகரில் வீடு வாங்கிய நம்மவர்கள் வயிறெரிந்து கட்டும் 'மட் டாக்ஸ்' போகுமே, அந்த இடம். தண்ணீர் பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த நம்பரைப் பிடித்து, ஒப்பந்தக் கம்பெனி ஆள் வந்து சேர மதியம் இரண்டு ஆனது.

இதை ஏதோ தண்ணீர் கம்பெனி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லையாம் சாமி, இது தனி அரசாங்கம்! 1917-இல் டெக்சாஸ் அரசியலமைப்பில் செய்த திருத்தம் பிள்ளையார் சுழி போட, இன்று ஐந்து இயக்குநர்கள் உட்கார்ந்து வரி போடலாம், கடன் பத்திரம் விற்கலாம், நிலத்தைக்கூடக் கையகப்படுத்தலாம். கடனுக்கு மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தர வேண்டுமே என்பீர்கள். எந்த மக்கள்? வெறும் பொட்டலில் டிரெய்லர் வீட்டை நிறுத்தி, அதில் குடிவைத்த ஓரிரு பேரின் ஓட்டிலேயே பல கோடி டாலருக்கு அனுமதி வாங்கிய கதையெல்லாம் இந்த மாநிலத்தில் உண்டு. குழாய் பதித்த செலவை, மனை போட்டு விற்ற டெவலப்பர் அந்தப் பத்திரப் பணத்தில் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். வட்டியும் முதலுமாக அழுவது நாம்.

எங்களுக்கு வீட்டின் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் 90 சென்ட் மட் வரி. 4 லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷம் 3,600. தண்ணீர் பில் தனி. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குப் பள்ளி வரியில் கிடைக்கும் சலுகை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஓட்டுப் போட்டு அந்த இயக்குநர்களை மாற்றலாம் என்றால் விசாவில் இருப்பவனுக்கு ஓட்டு ஏது?

யாரும் சொல்லவில்லை என்று கத்தவும் வழியில்லை. பத்திரப் பதிவன்று நீட்டிய காகிதக் கட்டைத் தேடி எடுத்தாள் மனைவி. நடுவில் மட் அறிவிப்பு, கீழே என் கையெழுத்து. பிள்ளை அழுகிறான் என்று படிக்காமல் கிறுக்கியது.

இயக்குநர்களின் அடுத்த கூட்டம் வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்கு, நாற்பது மைல் தள்ளி ஒரு வக்கீல் ஆபீஸில். வேலைக்குப் போகிறவன் எவன் வருவான் என்ற தைரியம். லீவு போட்டாச்சு.