ஏழாவது வாரத்து முகம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மணிவிழா மண்டபத்தில் நடந்ததைப் பற்றி அன்றிரவே நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: தாடை அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரமே ஆன என் சித்தப்பா பேத்தியிடம், எங்கள் மாமா பந்தியில் வைத்து அவளுடைய பழைய படத்தைக் காட்டி, இதற்கா இத்தனை செலவு என்று கேட்டார். அதன்பின் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி, "பெரியவர் ஏதோ அக்கறையில் கேட்டுவிட்டார், இதைப் போய்ப் பெரிதாக்கலாமா?" என்ற வகையைச் சேர்ந்தவை. பெரிதாக்கத்தான் போகிறேன். அந்த 20 வயதுப் பெண், குழையப் பிசைந்த ரசம் சாதத்தைக்கூட முடிக்காமல் இலையை விட்டு எழுந்து போனாள். அவளை எழுப்பிவிட்ட அதே கேள்வியை, அதே அறுவையைச் செய்துகொண்ட நான் 16 ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஏழாவது வாரத்து முகம் முடிந்த முகம் அல்ல. முதலில் இது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிய வேண்டும்.

தாடை அறுவை சிகிச்சை என்றால் பல் பிடுங்குவதைப் போன்ற ஒரு நாள் வேலை என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மேல்தாடை எலும்பை மூக்குக்குக் கீழே கிடைமட்டமாக அறுத்துப் பிரிக்கிறார்கள். கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் கடைவாய்ப் பகுதியில் நீளவாக்கில் பிளந்து, பல்வரிசை தாங்கிய பகுதியைத் தேவையான இடத்துக்கு நகர்த்துகிறார்கள். நகர்த்திய எலும்பை டைட்டானியத் தகடுகளும் திருகுகளும் வைத்து நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் எல்லாமே வாய்க்குள்ளிருந்தே நடந்துவிடுவதால் வெளியே தழும்பு தெரிவதில்லை. தழும்பு தெரியாததாலேயே பார்ப்பவர்களுக்கு அங்கே ஒரு காயம் இருப்பது மறந்துபோகிறது போலும். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பகுதி முதல் சில வாரங்களில் வடிகிறது. மிச்சம் ஒரு தடிப்பு தங்கிவிடும். பார்த்தால் வீக்கம் என்று சொல்ல முடியாது, ஆனால் கண்ணாடியில் நிற்பது வேறு யாரோ என்று தோன்றும். அது வடிய ஆறு மாதமும் ஆகும், ஓராண்டும் ஆகும். மேலுதடு விறைத்திருக்கும். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்புக்கு உள்ளேயே ஓடுவதால், எலும்பைப் பிளக்கும்போது அதுவும் இழுபடுகிறது. பலருக்கு மாதக்கணக்கில் அந்த இடம் மரத்திருக்கிறது, சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. தன் உதடு எங்கே இருக்கிறது என்று தனக்கே சரியாகத் தெரியாத ஒருத்தியின் சிரிப்பு கோணலாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட முகத்துக்குப் பக்கத்தில், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்டுடியோவில் எடுத்த அவளுடைய படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "இதுக்கா இத்தனை லட்சம்? முன்னாடியே லட்சணமாத்தானே இருந்தே!" என்று மாமா கேட்டார். பிறகு அந்தக் கைப்பேசி அடுத்த இலைக்கும் அதற்கடுத்த இலைக்கும் போனது. நான் அங்கேதான் இருந்தேன். அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று இப்போதும் மனம் ஆறவில்லை.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பல்லுக்குக் கம்பி போடுவதற்கு முந்தைய படம். கீழ்த்தாடை முன்னே வளர்ந்தவர்களுக்கு, அந்த இடைவெளியை மறைக்கும் விதமாகப் பற்கள் தாமாகவே சாய்ந்து வளர்ந்துவிடுகின்றன. கீழ்ப்பற்கள் உள்நோக்கியும் மேற்பற்கள் வெளிநோக்கியும் சாய்கின்றன. அறுவைக்கு முன் ஓராண்டு, ஒன்றரையாண்டு கம்பி போட்டு அந்தச் சாய்வை நிமிர்த்துகிறார்கள். நிமிர நிமிர, அதுவரை பற்கள் மறைத்துவைத்திருந்த எலும்பின் குறை முழுதாக வெளியே தெரிகிறது. முகவாய் முன்பைவிடத் துருத்திக்கொண்டு நிற்கிறது. சிகிச்சைக்குப் போனவளின் முகம் சிகிச்சையாலேயே முதலில் மோசமாகிறது. அந்த ஒன்றரை ஆண்டும் அவள் கல்லூரிக் குழுப்படத்துக்குக்கூட நிற்கவில்லை. மாமாவின் கைப்பேசியில் அந்த முகம் இல்லை. அந்த முகத்தோடு அவள் எப்படி வகுப்புக்குப் போய் வந்தாள் என்பதும் அவருக்குத் தெரியாது.

"அழகுக்காகச் செய்துகொண்டால் நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள்" என்று ஒரு சகோதரி எனக்கு எழுதியிருக்கிறார். அவருக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். இந்தச் சிகிச்சை அழகு நிலையத்தில் பிறந்ததல்ல. 1849-இல் அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹன் என்ற மருத்துவர் கீழ்த்தாடையை அறுத்துச் சரிசெய்தது, தீக்காயத் தழும்பு இழுத்ததால் தாடை உருக்குலைந்துபோன ஓர் இளம்பெண்ணுக்கு. மேல்தாடையை அறுக்கும் முறைக்கு இன்றும் வழங்கும் பெயர் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோருடையது. முக எலும்புகள் அடிபட்டால் எந்தக் கோட்டில் உடைகின்றன என்று சடலங்களை வைத்து ஆராய்ந்து 1901-இல் எழுதியவர் அவர். வாய்க்குள்ளிருந்தே கீழ்த்தாடையைப் பிளக்கும் முறையை மருத்துவர் ஹூகோ ஓப்வெகெஸர் 1957-இல் தன் ஆசிரியர் ட்ரௌனருடன் சேர்ந்து ஆங்கில இதழில் விளக்கிய பிறகுதான் அது உலகெங்கும் பரவியது. தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்கும் இரண்டு தாடைகளையும் முன்னே கொண்டுவருவது ஒரு சிகிச்சையாக இருக்கிறது.

இனி என் வாயைப் பற்றிச் சொல்கிறேன். 23 வயது வரை என் முன்பற்கள் ஒன்றையொன்று தொட்டதில்லை. மாங்காய்க் கீற்றைக் கடித்துத் துண்டாக்க எனக்குத் தெரியாது; கையால் பிய்த்து, கடைவாயில் ஒதுக்கித்தான் தின்பேன். வடையைப் பிட்டுத்தான் வாயில் போட வேண்டும். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பெண்களை ஏக்கத்தோடு பார்த்திருக்கிறேன். "சரஸ்வதி" என்று சொன்னால் காற்றுதான் பாதி வரும். மென்று மென்று மாலையில் காதோரம் வலிக்கும். இவ்வளவும் உண்மை. பள்ளிக்கூடத்தில் என்னைத் "தவடை" என்று அழைத்ததும், எந்தப் புகைப்படத்திலும் முகவாயில் கை வைத்தபடியே நான் நின்றதும் அதே அளவு உண்மை. எனவே அந்தச் சகோதரிக்கு ஒப்புக்கொள்கிறேன்: ஆம், முகத்துக்காகவும்தான் செய்துகொண்டேன். அதில் என்ன குற்றம்? வாய் முகத்தில்தானே இருக்கிறது? கடி (மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதம்) சரியாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் நோயாளி, முகம் சரியாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஆடம்பரக்காரி என்று பிரிக்கும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது?

  

இந்தப் பிரிவினையால் வரும் கேடு ஒன்று உண்டு. "கடிக்காகச் செய்கிறோம்" என்று வீட்டிலும் வெளியிலும் சொல்லிச் சொல்லியே, முகத்தைப் பற்றிய பயத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களாகிவிடுகிறோம். எனக்கு அறுவை செய்த மருத்துவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கை நல்ல கை, என் கடி இன்றுவரை பிசகவில்லை. ஆனால் முகம் எப்படி இருக்கும் என்று நான் கேட்டபோது, "நன்றாக இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். நான் நன்றாக இருப்பேனா என்று கேட்கவில்லை. நானாக இருப்பேனா என்பதே என் கேள்வி. அதைக் கேட்க எனக்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை. பக்கவாட்டு எக்ஸ்ரேவில் கோடு போட்டு, தாடை எவ்வளவு நகரும் என்று காட்டினார். எந்தப் பெண் தன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்து வளர்கிறாள்? எனக்குத் தெரிந்த என் முகம் கண்ணாடியில் நேரே நிற்பது. அதில் என்ன மாறும் என்பதை யாரும் சொல்லவில்லை.

மேல்தாடையை ஐந்து மில்லிமீட்டர் முன்னே கொண்டுவந்தார்கள், கீழ்த்தாடையை நான்கு மில்லிமீட்டர் பின்னே தள்ளினார்கள். ஒரு விரல் அகலத்தைவிடக் குறைவு. ஆனால் மேல்தாடை முன்னே வந்தால் மூக்கின் அடி விரியும், நுனி சற்றுத் தூக்கும். விரியாமல் இருக்க நாசியின் அடிப்பகுதியை உள்ளிருந்து இழுத்துக் கட்டும் ஒரு தையல் உண்டு என்பதையும், அதைப் போட்டாலும் ஓரளவு விரியலாம் என்பதையும் பல ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். நான் பயந்ததெல்லாம் முகவாயைப் பற்றி. மாறியதாக எனக்கு உறுத்தியது மூக்கு. முன்பே சொல்லியிருந்தாலும் சம்மதித்திருப்பேன். சொல்லியிருந்தால் மூன்றாவது மாதத்தில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துப் பார்த்துப் பார்த்து அழுதிருக்க மாட்டேன்.

இப்போது பெரும்பாலான இடங்களில் முப்பரிமாணப் படம் எடுத்துக் கணினியில் திட்டமிடுகிறார்கள். என் சித்தப்பா பேத்திக்கு நேர்முகத்தையும் காட்டினார்களாம். அதுவும் மதிப்பீடுதான், எலும்பு போன இடத்துக்கெல்லாம் தசையும் தோலும் அதே அளவில் கூடப் போவதில்லை. கீழ்த்தாடை பின்னே போனால் முகவாயின் தோல் ஏறக்குறைய அதே அளவு பின்னே போகிறது, மேல்தாடை முன்னே வந்தாலோ உதடு அந்த அளவுக்கு வருவதில்லை. ஆகவே எந்த மருத்துவராலும் இதுதான் உன் முகம் என்று எழுதிக் கொடுக்க முடியாது. முடியாது என்பதைச் சொல்லிவிடலாம் அல்லவா?

"மாமா வயதில் மூத்தவர், அவரைப் பொதுவில் எழுதலாமா?" என்பவர்களுக்கு: அவரும் பொதுவில்தான் பேசினார்.

இதை எழுதத் தொடங்கியபோது இதற்கு மேல் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் நான் எதற்காக இவ்வளவு கோபப்படுகிறேன் என்று உங்களுக்குப் புரியாது.

அந்தத் தாடை எங்கள் அப்பா வழித் தாடை. அப்பாவுக்கு உண்டு, சித்தப்பாவுக்கு உண்டு, சித்தப்பா மகனைத் தாண்டி அவன் மகளுக்கு வந்தது. ஐரோப்பாவில் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தில் இதே தாடை தலைமுறை தலைமுறையாக இறங்கியது. ஸ்பெயினை ஆண்ட இரண்டாம் சார்லஸால் உணவைச் சரியாக மெல்லக்கூட முடியவில்லை என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய ஓவியங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அரசர்கள் கண்ணில் படவில்லை. நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கும் என் அப்பாவைத்தான் பார்த்தேன்.

2009-இல் அறுவை முடிந்து வீங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தபோது, அப்பத்தா என்னைப் பார்த்துவிட்டு, "எம்புள்ள சாயலே போயிருச்சே" என்றார். அப்பா அவரை அதட்டினார். ஆறு வாரம் எனக்குக் கேழ்வரகுக் கூழையும் பருப்புத் தண்ணீரையும் வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, பற்களைக் கட்டிய ரப்பர் வளையங்களுக்கும் கன்னத்துக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக விட்டவர் அப்பாதான். ஒருநாள் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே, தன் முகவாயைத் தானே ஒருமுறை தடவிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அப்போது எனக்குப் பேசவும் வராது.

2014-இல் அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் முற்றத்தில் அமர்ந்திருந்தபோது இதே மாமா என்னிடம், "அவர் ஜாடை உன்கிட்டயாவது இருந்திருக்கும். நீதான் அதை வெட்டிப் போட்டுட்டியே" என்றார். அதுவும் அக்கறையில் சொன்னதாகவே இருக்கட்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் தலை வாரும்போது கண்ணாடியில் நான் தேடுவது யாரை என்று அவர் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டார். என் புருவத்தில் அப்பா இருக்கிறார். சிரிக்காமல் இருக்கும்போது நெற்றியில் கொஞ்சம் இருக்கிறார். முகவாயில் இல்லை. அந்த முகவாயை மாற்றிக்கொண்டதற்காக நான் வருந்தவில்லை. மாற்றாமல் இருந்திருந்தாலும் வருந்தியிருப்பேன். இரண்டையும் ஒரே மனம்தான் சுமக்கிறது. இதை ஒரு பந்தியில், இரண்டு கவளத்துக்கு நடுவே, கைப்பேசியை நீட்டிக் கேட்டால் எந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியும்?

நேற்று இரவு ஒன்பது மணிக்கு அவளே அழைத்தாள். மண்டபத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. "அத்தை, ரெண்டு நாளா கீழுதட்டுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பயமா இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, நரம்பு விழிக்கும்போது பலருக்கும் அப்படித்தான் ஊரும், மறுசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடமும் மறக்காமல் சொல் என்றேன். எந்தப் பக்கம் முதலில் ஊர்கிறது என்று கேட்டேன். இடது பக்கம் என்றாள். எனக்கும் இடது பக்கம்தான் முதலில் வந்தது என்று சொன்னேன். அதன்பின் நாற்பது நிமிடம் மூக்கைப் பற்றிப் பேசினோம்.